‘நாட்டுப்புறப் பாடல்’ என்று போட்டோம்



ஓட்டப்பிடாரம் பக்கத்து ஊர் ஒன்றில் கல்லூரி மாணவர்களோடு சேர்ந்து நாங்கள் எடுத்த பாட்டு வீடியோவை ஒன்பதாம் நாள் நாங்களே இறக்கிவிட்டோம். அன்றிலிருந்து போன் ஓயவில்லை. மிரட்டலா, கேஸா, போலீஸா, ஆதிக்க சாதிக்காரன் எவனாவது வந்து நின்றானா என்று கேட்கிறீர்கள். ஒருவனும் வரவில்லை. வந்தது ஒரு மாணவி. பி.காம். இரண்டாம் ஆண்டு. படப்பிடிப்பு நடந்த மூன்று நாளும் கேமராவுக்கு வெளிச்சம் திருப்ப தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவர். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"டிராக்டருக்குப் பேர் போட்டிருக்கீக. எங்க அவ்வாவுக்கு ஏண்ணே போடல?"

எங்களிடம் பதில் இல்லை. இருந்த பதிலை வாய்விட்டுச் சொல்லத் துணிச்சல் இல்லை என்பதுதான் சரி. அந்தப் பதிலை இங்கே எழுதிவிடுகிறோம். எழுதாமல் போனால், ஊரான் செய்த தப்பைப் பற்றி மட்டும் பத்து வருஷமாகப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் என்ற பேர்தான் எங்களுக்கு மிஞ்சும்.

முதலில் நடந்ததைச் சொல்கிறோம். மாணவர்கள் எங்களிடம் வந்தபோது அவர்கள் கையில் இருந்தது வேறு பாட்டு. உங்களுக்குத் தெரிந்த பாட்டுத்தான். வெள்ளை வேட்டி, புல்லட், மெதுவாக நடந்து வரும் கூட்டம், மேலே டிரோன், முதல் அடியிலேயே ‘ஆண்ட பரம்பரை’. தென்மாவட்டத்தில் ஒவ்வொரு சாதிக்கும் இப்படி நூறு பாட்டு இருக்கிறது. குருபூஜைக்கு ஒன்று, கொடைக்கு ஒன்று, செல்போன் ஸ்டேட்டஸுக்கு முப்பது நொடியில் ஒன்று. மெட்டு ஒன்றேதான், கொடியின் நிறமும் கையில் கட்டும் கயிற்றின் நிறமும் மட்டும் மாறும். அடித்தவன் பாட்டும் அடிபட்டவன் பாட்டும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டு வருவதைப் பார்த்தால் நமக்குக் கூச வேண்டாமா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனின் வீட்டுக்குள் புகுந்து அவனையும் அவன் தங்கையையும் வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அவர்கள் கையில் அரிவாள் வருவதற்கு முன்னால் காதில் என்ன ஒலித்துக்கொண்டிருந்தது என்று நம் வகுப்பறைகளில் யாராவது கேட்டார்களா?

அந்தப் பாட்டு வேண்டாம் என்று பேசி மாற்றுவதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. மாணவர்கள் கோபப்பட்டார்கள். "அவங்க போட்டா ஒண்ணும் சொல்ல மாட்டீக, நாங்க போட்டா மட்டும் வகுப்பெடுப்பீகளா?" என்றான் ஒருவன். நியாயமான கோபம். கடைசியில் அவர்களே ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்த பதினோரு பேரில் ஒன்பது பேருடைய கல்லூரிக் கட்டணம் அம்மாவின் களைவெட்டுக் கூலியிலிருந்தோ, தூத்துக்குடி மீன் கம்பெனிக்கு வேனில் ஏறிப்போகும் அக்காவின் சம்பளத்திலிருந்தோ வருகிறது. ஆண்ட பரம்பரையின் பீஸ் களைக்கொத்தியிலிருந்து வருகிறது என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். பாட்டு அங்கேதான் பிறந்தது. களைவெட்டும் பெண்களைப் பற்றி, அந்தக் கூலியில் படிக்கும் பிள்ளைகள் பாடும் பாட்டு.

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறியபோது இந்த மாணவர்கள் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு. அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதி பேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து பெயர் எடுத்து, கானாவையும் பறையையும் ராப்பையும் ஒரே மேடையில் நிறுத்திய அந்தக் குழுவின் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். அதனால் ராப் எழுதுவதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மேடையில் அவர்கள் கோட்டுப் போட்டு நின்றார்கள் என்பதற்காக நம் பையன்களும் கோவில்பட்டியில் வாடகைக்குக் கோட்டு எடுத்து வந்து, கரிசல் வெயிலில் முக்கால் மணி நேரம் தாங்கி, பிறகு கழற்றிவிட்டார்கள். அது தனிக்கதை.

பாட்டின் தொடக்கத்துக்கு ஒரு குரல் வேண்டும் என்றோம். உண்மையான களத்துக் குரல். அந்த மாணவியின் அவ்வா களை வெட்டும்போது பாடுவார் என்று தெரிந்து, உளுந்தங்காட்டுக்கே போனோம். வீட்டில் தெலுங்கு பேசுகிற அந்தப் பாட்டி காட்டில் பாடுவது தமிழில். நிரை பிடித்து நகர்ந்துகொண்டே, மூச்சு வாங்காமல், நாலைந்து நிமிடம் பாடினார். செல்போனில் பதிவு செய்தோம். "நல்லாருக்கு பாட்டி" என்றோம். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி நிரைக்குப் போய்விட்டார்.

அந்தப் பதிவிலிருந்து 22 நொடியை வெட்டி வீடியோவின் முன்னால் வைத்தோம். அதுதான் உங்கள் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. வந்த பாராட்டில் பாதிக்கு மேல் அந்த 22 நொடிக்குத்தான். இனி கடைசியில் ஓடிய பெயர்களைப் பாருங்கள். ராப் எழுதியவர், பாடியவர்கள், கேமரா, எடிட்டிங், டிரோன், டிராக்டர் கொடுத்து உதவியவர், மதியச் சாப்பாடு கொடுத்த வீடு, ‘வழிகாட்டுதல்’ என்று நாங்கள். முன்குரல் என்ற இடத்தில்: ‘நாட்டுப்புறப் பாடல்’.

டிராக்டருக்கு டீசல் காசு கொடுத்தோம். டிரோனுக்கு அரைநாள் வாடகை கொடுத்தோம். வெட்டி ஒட்டிய தம்பி கல்யாண வீடியோ வேலையை ஒதுக்கிவிட்டுச் செய்தார், அவருக்கும் கொடுத்தோம். பாடியவருக்கு நிரை நின்ற நேரத்துக் கூலியைக்கூடக் கேட்டுக் கொடுக்கவில்லை.

இப்போது 2021-க்குப் போவோம். அந்த வருஷம் மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது. அறிவு எழுதி, தீயோடு சேர்ந்து பாடியது, சந்தோஷ் நாராயணன் தயாரித்தது, மாஜா வெளியிட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பி வந்த தன் பாட்டி வள்ளியம்மாள் வழியாக அறிவுக்கு வந்த கதை அதில் இருந்தது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று தாளில் பிரித்து எழுதினார்களே, அந்தக் கணக்கில் ஒருவராக இருந்த மக்களின் கதை. உலகம் முழுக்க ஆடினார்கள். ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அந்த இரண்டு பேரின் பாட்டுகளுக்கும் சொல் எழுதிய அறிவு இல்லை. பா. ரஞ்சித் அதைப் பொதுவில் கேட்ட பிறகுதான் அந்த இதழ் அறிவுக்கு ஒரு டிஜிட்டல் அட்டை போட்டது. அடுத்த வருஷம், 2022 ஜூலை 28, சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழா. அதே பாட்டு மேடையில் ஒலித்தது, அறிவு மேடையில் இல்லை. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கம் வந்தது. பாட்டின் பிறப்பைப் பற்றி அறிவு ஒன்று எழுத, சந்தோஷ் நாராயணன் ஒன்று எழுத, தீ ஒன்று எழுத, நாடே நீதிபதியானது.

அந்த நாட்களில் நாங்கள் என்ன செய்தோம்? போஸ்டர் போட்டோம். கூட்டம் போட்டோம். ‘குரலை எடுத்துக்கொள், ஆளை வெளியே நிறுத்து’ என்பதுதான் இந்த நாட்டின் பழைய வழக்கம் என்று மைக்கில் பேசினோம். கூட்டு உழைப்பில் யார் பெரியவர் என்று கேட்கலாமா என்று மழுப்பியவர்களைப் பார்த்து, கூட்டு உழைப்பென்றால் கூட்டாகப் பெயர் போடு என்றோம். பேசியது தப்பில்லை, இன்றைக்கும் அதையே பேசுவோம். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தனக்கும் அறிவுக்கும் தீக்கும் ஒரு பைசா வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அட்டையில் இருந்தவருக்கும் இல்லை, இல்லாதவருக்கும் இல்லை. அப்போது பாட்டின் உடைமை யாரிடம் இருக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதத் திட்டமிட்டோம். எழுதவில்லை. எழுதியிருந்தால் குறிப்பு எடுக்கும்போதாவது எங்களுக்கு உறைத்திருக்கலாம்.

சரி, இவ்வளவு பேசிய நாங்கள் ஏன் ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று போட்டோம்?

மறந்துவிட்டோம் என்று முதலில் சொன்னோம். மாணவி நம்பவில்லை. நம்பாமல் இருந்தது சரி. பெயர்ப் பட்டியல் தயாரான ராத்திரி, எடிட்டிங் கடையில் ஆறு பேர் இருந்தோம். பாட்டியின் பெயரைப் போடலாமா என்ற பேச்சு வந்தது. எங்களில் ஒருவர் சொன்னார்: "அந்தப் பேரைப் போட்டா எந்தத் தெருன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். நம்ம தெருவுல பாதிப்பேர் பகிர மாட்டாங்க. வீடியோ நிறையப் பேருக்குப் போய்ச் சேரணும்ல." யாரும் மறுத்துப் பேசவில்லை. ஒருவர் டீ வாங்கப் போனார். இன்னொருவர் ‘நாட்டுப்புறப் பாடல்’னு போட்டுடு, அதுதானே உண்மை என்றார். தட்டச்சு செய்துவிட்டோம்.

இப்போது புரிகிறதா? எங்களில் பெரும்பாலோர் தேவேந்திர குல வேளாளர் குடும்பங்கள். பாட்டி அருந்ததியர் தெரு. எங்கள் தெருவுக்கு மேலே ஒரு தெரு உண்டு, அந்தத் தெருக்காரர்கள் எங்களை என்ன செய்தார்கள் என்று சொல்வதற்கு எங்களிடம் 1995 ஆகஸ்ட் 31 இருக்கிறது. அன்றைக்கு கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்து வீடு வீடாக நொறுக்கியதை, படித்த பிள்ளைகளின் சான்றிதழைக்கூட விட்டுவைக்காததை, கிணற்றைப் பாழாக்கியதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டுத்தான் நாங்கள் அரசியலுக்கு வந்தோம். 2021-இல் ‘கர்ணன்’ வந்தபோது, படத்தில் காட்டிய வருஷம் சரியா, எந்த ஆட்சியில் நடந்தது என்று கட்சிக்காரர்கள் சண்டை போட்டு, கடைசியில் வருஷத்தை ‘தொண்ணூறுகளின் பிற்பகுதி’ என்று மாற்றினார்கள். ஒரு தேதியைக்கூட மங்கலாக்குகிறார்களே என்று கொதித்தோம். எங்கள் தெருவுக்குக் கீழேயும் ஒரு தெரு இருக்கிறது. அந்தத் தெருக்காரர்கள் எங்களைப் பற்றிச் சொல்வதற்கும் தேதிகள் வைத்திருப்பார்கள். அதைக் கேட்க நாங்கள் ஒருநாளும் போய் உட்கார்ந்ததில்லை. பாட்டு வாங்கத்தான் போனோம்.

தாளத்தில் நடந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் தப்பு அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அழைக்கலாம் என்று பேச்சு வந்தபோது ஒரு மாணவன், "அது நம்ம வாத்தியமில்லண்ணே" என்றான். அவன் மட்டும் சொல்லவில்லை, அவன் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தது பேசியது. பறையும் தப்பும் அடிமை வேலையாகத் திணிக்கப்பட்டவை, அதை மறுப்பதும் விடுதலைதான் என்ற வாதம் நமக்குத் தெரியும். அடிக்க மாட்டேன் என்று மறுத்தவர்கள் வாங்கிய அடியும் தெரியும். ஆனால் அவன் மறுத்தது இழிவை இல்லை, ஆட்களை. அதைத் தட்டிக்கேட்க வேண்டிய நாங்கள், பிரச்சினை வேண்டாம் என்று லேப்டாப்பிலிருந்து ஒரு தாளத்தைத் தரவிறக்கிப் போட்டோம். அதன் கோப்புப் பெயரே ‘சவுத் இந்தியன் ஃபோக் டிரம்’. ஐம்பது அடி தூரத்தில் இருந்த வாத்தியத்தை விட்டுவிட்டு, எங்கேயோ யாரோ அடித்து எவனோ விற்கிற அதே வாத்தியத்தின் ஒலியை இணையத்திலிருந்து எடுத்தோம். அதுவும் நாட்டுப்புறம்தான், பாருங்கள்.

2009-இல் அருந்ததியர் உள் ஒதுக்கீடு 3 விழுக்காடு சட்டமானது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. அன்றைக்கு ஒடுக்கப்பட்டோர் ஒற்றுமை போச்சு என்று புலம்பிய குரல்கள் நம் பக்கத்திலிருந்தும் கிளம்பின. ஒரு பெயரை ஒரு வரியில் போட நாங்கள் யோசித்த யோசனையைப் பாருங்கள். அந்த 3 விழுக்காடு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பெயர் என்றால் என்ன என்று எங்கள் மண்ணைவிட யாருக்குத் தெரியும்! ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி.யின் பெயரால் சிதம்பரனார் மாவட்டம் என்று ஒன்று இருந்தது. ஓட்டப்பிடாரம் பக்கத்து கவர்னகிரியில் பிறந்து கட்டபொம்மன் படையில் நின்ற சுந்தரலிங்கத்தின் பெயரை 1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றது ஆதிக்க சாதி. கல்லெறிந்தார்கள், கலவரம் ஆனது. அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை நீக்கியது. ஒரு பள்ளர் வீரனின் பெயரைப் பொறுக்க முடியாமல், அதே ஒன்றியத்து வ.உ.சி.யின் பெயரும் சேர்ந்து போனது. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆனது. இந்தக் கதையை மேடைக்கு மேடை நாங்கள் சொல்லியிருக்கிறோம். "எங்க பேர் எழுதுன பஸ்ல ஏறமாட்டேன்னவன்" என்று சொன்னால் கைதட்டு வரும். ‘இந்தப் பேரைப் போட்டால் பகிர மாட்டார்கள்’ என்று எடிட்டிங் கடையில் உட்கார்ந்து பேசியதும் அதே பஸ்தான். இந்த முறை கல் எங்கள் கையில்.

நாட்டுப்புறம் என்ற சொல்லோடு எங்களுக்கு இப்போது தீராத சண்டை. ஊரும் காடும் பாடுவதில்லை, ஆட்கள்தான் பாடுகிறார்கள். ஒரு பாட்டு பத்துப் பேர் வாயில் மாறி மாறி வந்திருக்கலாம். தொடக்கம் யாரென்று தெரியாமல் இருக்கலாம். ஆனால் உன் செல்போனுக்கு முன்னால் நின்று பாடியவர் யார் என்று உனக்குத் தெரியும். அவர் பெயரைக் கேட்காமல், அல்லது கேட்டும் போடாமல், ‘மரபு’ என்று எழுதும்போது நீ மரபை மதிக்கவில்லை, கூலி பாக்கி வைக்கிறாய்.

இது முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பை எடுத்துப் பாருங்கள். நாங்குநேரிக்காரர். அறுபதுகளில் வந்த நூல். பாட்டுக்குப் பாட்டு கீழே பார்த்துக்கொண்டே போனால், ‘உதவியவர்’, ‘சேகரித்தவர்’, ‘இடம்’ என்று தனித்தனியாக அச்சிட்டிருக்கும். விளாத்திகுளம் வட்டாரப் பாட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்த எஸ்.எஸ். போத்தையாவின் பெயர் அதில் திரும்பத் திரும்ப வரும். விளாத்திகுளம் எங்களுக்குப் பக்கத்துத் தாலுகா. செல்போன் இல்லாத காலத்தில், பேப்பரில் கையால் எழுதி, தபாலில் அனுப்பிச் செய்தார்கள். ஆறு பேர் உட்கார்ந்து கணினியில் எழுத்தடித்த எங்களால் முடியவில்லையாம்!

சட்டமும் இதைச் சொல்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தை 2012-இல் திருத்தியபோது, நிகழ்த்துநருக்கு, தான் நிகழ்த்தியது தன்னுடையது என்று அடையாளம் காட்டப்படும் உரிமையைத் தனியாகச் சேர்த்தார்கள். பிரிவு 38பி. தன் பாட்டைச் சிதைத்துப் பேர் கெடுத்தால் தடுக்கும் உரிமையும் அதே பிரிவில் இருக்கிறது. அதைப் படிக்கச் சொல்லி மாணவர்களுக்குக் கொடுத்தோம். அந்த மாணவிதான் முழுதாகப் படித்துவிட்டு வந்து, ‘சிதைத்தல்’ என்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். ஏன் என்று அடுத்துச் சொல்கிறோம்.

அதற்கு முன்னால் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு விஷயம். சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர் 1939-இல் ‘உம்பூபே’ என்று ஒரு பாட்டைப் பதிவு செய்தார். அதன் உரிமைக்கு அவருக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங். அமெரிக்காவில் அந்தப் பாட்டை எடுத்துப் பாடிப் பெரிதாக்கியவர்கள் தி வீவர்ஸ் குழு. அதில் இருந்தவர் பீட் சீகர். தொழிற்சங்க மேடைகளில், கறுப்பின மக்கள் போராட்டத்தில் நின்று பாடியவர், நம் தோழர் என்று தயங்காமல் சொல்லலாம். அவர்கள் அதை ஆப்பிரிக்காவின் மரபுப் பாட்டு என்றே நினைத்துக்கொண்டார்கள். பின்னால் அதே மெட்டு வேறு பெயரில் உலகப் பாட்டாகி, 1994-இல் டிஸ்னியின் ‘தி லயன் கிங்’ வரைக்கும் போய்க் காசாகக் கொட்டியது. லிண்டா 1962-இலேயே வறுமையில் செத்துப்போயிருந்தார். அவர் மகள்கள் வழக்குப் போட்டு 2006-இல்தான் ஒரு உடன்பாடு கிடைத்தது. டிஸ்னியைத் திட்டுவது எளிது. எங்களை உறுத்துவது சீகர்தான். நல்ல மனிதர், நல்ல அரசியல், ‘மரபுப் பாட்டு’ என்ற ஒரு நினைப்பு. அது போதுமானதாக இருந்தது.

மாணவி கோடு போட்ட இடத்துக்கு வருவோம்.

வீடியோவை இறக்கிய மறுநாள் சாயங்காலம் பாட்டி வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்கத்தான். பழம், பிஸ்கட் எல்லாம் வாங்கிக்கொண்டு, துஷ்டி கேட்கப் போவது மாதிரி. பாட்டி முற்றத்தில் உட்கார்ந்து பாசிப்பயறு புடைத்துக்கொண்டிருந்தார். பேத்தி வீடியோவைக் காட்டியிருந்திருக்கிறாள். பெயர் போடாததைப் பற்றி நாங்கள் பேச ஆரம்பித்ததும் கையமர்த்திவிட்டார்.

"பேரு கெடக்கட்டும் ராசா. பாட்டப் பாதியில அறுத்துப்புட்டீகளே. நான் வைய்யுறது பூரா பின்னாலதான இருக்கு?"

எங்களுக்குப் புரியவில்லை. பேத்தி முழுப் பதிவையும் போட்டுக் காட்டினாள். நாங்கள் எடுத்த 22 நொடியில் இருந்தது மழை, பயிர், பசுமை. அடுத்த மூன்று நிமிடத்தில் இருந்தது கூலி. ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்கு ஒரு கூலி என்று அளந்து போட்டவனை, வரப்பில் குடை பிடித்து நின்றவனை, பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனதற்கு நேரம் கழித்தவனை, பெயர் சொல்லி, அவன் வீட்டுப் பெயர் சொல்லி, நிறுத்தி நிறுத்தி வைகிறார். கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள். காட்டில் பதிவு செய்தபோது நாங்கள் அதைக் காதில் வாங்கவே இல்லை. எடிட்டிங்கில் "பின்னாடி இழுவையா இருக்கு" என்று வெட்டினோம். அந்த ‘இழுவை’க்குப் பதிலாகத்தான் கூலியைப் பற்றி ஒரு ராப் எழுதச் சொல்லி, கோபம் போதவில்லை, இன்னும் கோபமாக எழுது என்று மூன்று முறை அந்தத் தம்பியைத் திருத்த வைத்தோம். கோபத்தை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, கோபம் தேடி அலைந்திருக்கிறோம். அந்த மக்களுக்குக் குரல் கொடுக்கிறோம் என்று வேறு வீடியோவின் கீழே எழுதியிருந்தோம்.

ஆக, பெயரை மட்டும் எடுக்கவில்லை. ஒரு கூலிப் பெண்ணின் வசவைப் பசுமைப் பாட்டாக்கிவிட்டோம். நாட்டுப்புறம் என்ற சொல் செய்கிற வேலை அதுதான். பெயர் போனால் ஆள் போவார், ஆள் போனால் ஆளின் சண்டையும் போகும். மிஞ்சுவது மழையும் பயிரும். அதைத்தான் கல்லூரி ஆண்டு விழாவில் பட்டுச் சேலை கட்டி ஆடுகிறார்கள், சுற்றுலாத் துறை விளம்பரத்தில் ஓட விடுகிறார்கள். நாங்களும் ஓடவிட்டோம், மேலே கொஞ்சம் சிவப்பு நீலம் பூசி.

இனி என்ன என்று கேட்பவர்களுக்கு. வீடியோ மறுபடி வெட்டப்படுகிறது. பாட்டியின் பாட்டு முழுசாக வரும், வசவோடு. அதில் வரும் ஆட்களின் பெயரை வைக்கலாமா என்று ஒரு வக்கீல் தோழரிடம் கேட்டிருக்கிறோம். பாட்டியிடமும் கேட்டோம். "செத்துப்போனவன் பேர விடு, இருக்கிறவன் மகன் பேர எடுத்துரு, பேத்தி அந்தப் பக்கந்தான் பஸ் ஏறுதா" என்றார். அவர் சொன்னபடியே. பாட்டியின் பெயர் முதல் காட்சியிலேயே வரும், பாடியவர் என்று. அந்தப் பெயரை இந்தக் கட்டுரையில் எழுதாததற்குக் காரணம், இது எங்கள் தப்பைப் பற்றிய கட்டுரை. இதற்குச் சாட்சியாக அவரை இழுத்து நிறுத்த வேண்டாம் என்று பேத்தி கேட்டுக்கொண்டார். தாளம் மாறும். தப்பு அடிக்கிற இரண்டு பேரிடம் பேசியிருக்கிறோம், அவர்கள் நாள் கூலி என்ன வாங்குவார்களோ அது, முன்பணமாக. ஒருவர் சம்மதித்துவிட்டார். இன்னொருவர், "இத்தன நாள் எங்க போயிருந்தீக?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். அவரை மறுபடி வற்புறுத்தப் போவதில்லை.

காசு வராது, வந்தால் என்று ஒரு தாள் எழுதியிருக்கிறோம். பாடியவர்கள், அடித்தவர்கள், எழுதியவர், எடுத்தவர்கள் எல்லோருக்கும் சம பங்கு, சேனலின் சாவி மாணவர்கள் கையில், ‘வழிகாட்டுதல்’ என்ற வரி நீக்கம். எங்களில் இரண்டு பேருக்கு அந்தக் கடைசி விஷயத்தில் இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது. இருக்கட்டும்.

தீராத சிக்கல் ஒன்று உண்டு. பாட்டி பாட்டு நாலு நிமிடம் என்றால், ராப்பைக் குறைக்க வேண்டும். மூன்று முறை திருத்தி எழுதிய தம்பி முகம் கொடுத்துப் பேசவில்லை. "நீங்க தப்புப் பண்ணிட்டு என் பாட்ட வெட்டுவீகளா?" என்கிறான். அவனும் களைவெட்டுக் கூலியில் படிக்கிறவன், அவன் எழுதியது அவன் அம்மாவைப் பற்றி. "அது நம்ம வாத்தியமில்ல" என்று சொன்னதும் அவன்தான். இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பாட்டி வேலை செய்யும் காட்டுக்கே அவனையும் கூட்டிக்கொண்டு போகிறோம். ஆறு மணிக்கெல்லாம் நிரை பிடித்துவிடுவார்களாம், அதற்கு முன்னால் அங்கே இருக்க வேண்டும். இந்த முறை ஆளுக்கொரு களைக்கொத்தியோடு வரச் சொல்லியிருக்கிறார் பாட்டி.